தொலைநிலை பி.காம். என்று சொல்லி 58,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

புதிதாக வேலை கொடுத்த கம்பெனியிலிருந்து நேற்று மாலை மெயில் வந்தது. நான் கொடுத்த பி.காம். சான்றிதழ் தங்களுடையதே இல்லை என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்துவிட்டதாம், ஆகவே வேலை நியமனம் ரத்தாம். போனது 58,500 ரூபாய். கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று பார்த்தேன், தணிகிற வழியாக இல்லை. அட்மிஷன் நேரம் வேறு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பிளஸ் டூ காமர்ஸ் குரூப், அப்புறம் டேலி, அவ்வளவுதான் என் படிப்பு. ஏழாம் தேதிக்குள் டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று வரிக் கெடுக்கள் மாதம் முழுக்க என் தலையில்தான் ஓடும். புதிதாகச் சேருகிற பி.காம். பிள்ளைகளுக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கான கழிவை, எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுப்பதும் நான்தான். கொஞ்ச நாளில் அவர்கள் என்னைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கையில் அந்தத் தாள் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை வடிகட்டுவதே டிகிரியை வைத்துத்தான். உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கிற கட்டம் வரைக்கும்கூட நம்மை விடமாட்டார்கள். இந்த ஏக்கத்தை முதலாகப் போட்டுத்தான் எனக்கு இந்த பி.காம். கொடுத்த சென்டர்காரர் கடை விரித்திருந்தார்.

பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் 'தொலைநிலைக் கல்வி மையம்' வகை. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். சுவர் முழுக்க கறுப்பு அங்கி போட்டவர்களின் போட்டோ. வடக்கே ஒரு மாநிலத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்ற மையம் என்று போர்டு. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. "இது போலி இல்லைன்னு எப்படி சார் நம்புறது?" என்று நேராகவே கேட்டேன். அந்த ஆள் கொஞ்சமும் அசரவில்லை. போனை எடுத்து யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்தைத் திறந்து, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை என் முன்னால் வைத்தார். "நீங்களே தேடிப் பாருங்கக்கா." தேடினேன். அந்தப் பெயர் இல்லை. "என் தங்கச்சியே இங்கதான் எம்.காம். பண்ணுது" என்றார், டீ வந்தது. அங்கேயே 6,500 கட்டினேன். அப்புறம் வருடத்துக்கு 15,000, கடைசியில் கன்வொகேஷன் கட்டணம் என்று 7,000. ஆக மொத்தம் 58,500.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அவர்கள் வித்தையே இதில்தான் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் நிஜமாகவே இருக்கிறது, யுஜிசி அங்கீகாரமும் உண்டு. போலிப் பட்டியல் என்பது, 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டப்படி பட்டம் கொடுக்கவே உரிமை இல்லாமல் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர்களின் பட்டியல். அதில் பெயர் இல்லை என்பதால் அந்தப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் பி.காம். நடத்தலாம் என்று ஆகிவிடாது. அதற்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப், தனியாக அனுமதி தர வேண்டும், அதுவும் படிப்பு வாரியாக. மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்தைத் தாண்டித் தொலைநிலைப் படிப்பு நடத்தவே கூடாது. தனியாருக்கு ஃபிரான்சைஸ் கொடுப்பதற்கு எங்கேயுமே அனுமதி கிடையாது. அப்படியென்றால் திருப்பூர் மாடியில் அந்தப் போர்டு எப்படி வந்தது? இதை அந்தப் போன் திரை எனக்குச் சொல்லவில்லை.

நான் படிக்காமல் சான்றிதழ் கேட்கவில்லை. கம்பெனிச் சட்டமும் காஸ்ட் அக்கவுண்டிங்கும் ராத்திரி உட்கார்ந்து படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பரீட்சை எழுதினேன். கேள்வித்தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர், ஹாலில் மேற்பார்வையாளர், எல்லாம் இருந்தது. மார்க்‌ஷீட்டில் பளபளக்கும் ஹாலோகிராம். ஒன்றில் மட்டும் 'காமர்ஸ்' என்ற ஆங்கில வார்த்தையில் ஒரு எம் குறைந்திருந்தது. கேட்டதற்கு, "பிரிண்டிங் மிஸ்டேக்தான்க்கா, திருத்தப் போட்டா ஆறு மாசம் இழுக்கும், கன்வொகேஷன் தள்ளிப் போயிடும்" என்றார். ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரு டிரஸ்ட் பெயரில்தான் போட்டிருக்கிறார்கள், பல்கலைக்கழகத்தின் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. நாளைக்குக் கேஸ் என்று வந்தால், நாங்கள் படிப்புக்குப் பணமே வாங்கவில்லை என்று சொல்ல வசதி.

பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது, அவர்கள் சான்றிதழைச் சரிபார்க்க அனுப்பினார்கள், அப்படி ஒரு பதிவு எண்ணே எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. இந்த மெயிலுக்கு முன்னாலேயே ஹெச்ஆர் ஒரு தடவை விளக்கம் கேட்டிருந்தார். அன்றைக்கே சென்டருக்கு ஓடினேன். "சர்வர் மாத்துறாங்க, பழைய டேட்டா ஏறலை" என்றார்கள். அப்புறம், "சார் மீட்டிங்ல இருக்கார்." அப்புறம் அவரே கூப்பிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து உறுதிக் கடிதம் வாங்கித் தருகிறேன், 4,000 ஆகும் என்றார். 58,500 பத்தவில்லை போலிருக்கிறது! தரமுடியாது என்றேன். "ஏன்க்கா டென்ஷன் ஆகறீங்க, இத்தனை பேர் இதை வெச்சு வேலையில இருக்காங்க, உங்க கம்பெனிதான் ஓவரா பாக்குது" என்று எனக்கே புத்தி சொன்னார். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் அவர் போட்டோ காணாமல் போனது. கவுண்டரில் இருக்கும் பெண்ணோ, "எனக்கு எதுவும் தெரியாதுங்க, நான் போன மாசம்தான் சேர்ந்தேன்" என்கிறாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

பணத்தைவிட எரிச்சல் எது தெரியுமா? அந்தக் கம்பெனி ஏட்டில் நான் போலிச் சான்றிதழ் கொடுத்தவள். இரவில் விழுந்து விழுந்து படித்தவள் நான், காசை எண்ணி வாங்கியவர் அவர், திருட்டுப் பட்டம் எனக்கு.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியாகிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள். டெப் தளத்தை உங்கள் போனில் நீங்களே திறந்து, நீங்கள் சேரப்போகிற படிப்பு, அந்த வருடம், இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். அவர்கள் போனில் பார்க்காதீர்கள். 2024இல் இருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர டெப் ஐடி வேண்டும், அதை மாணவர்தான் உருவாக்க வேண்டும். நான் சேர்ந்தபோது இது இல்லை. அது தேவையில்லை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்று வருட டிகிரியை 'ஒன் சிட்டிங்'கில், அதாவது ஒரே தடவையில் பரீட்சை எழுதி முடிக்கலாம் என்பவர்களிடம் பேச்சே வேண்டாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் இருந்து இருக்கிறது, இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் கொடுத்ததில் பாதிகூட ஆகியிருக்காது.

திருப்பூர் பக்கம் இதே மாதிரி மாடி சென்டரில் கட்டியவர்கள் ரசீது, மார்க்‌ஷீட், கேள்வித்தாள் எதையும் கிழித்துப் போடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரைச் சேர்ந்து கொடுப்போம்.