கிங்கெரியா, காலிஸ்டரா?

பீங்கான் அறிவியல் படிக்க எந்த நூலை வாங்கலாம்? தேர்வுதான் குறி என்றால் காலிஸ்டர் எழுதிய பொருளறிவியல் பாடநூல் போதும். 1985-இல் முதலில் வந்தது. உலோகம், பாலிமர், பீங்கான் எல்லாவற்றையும் தொடுகிறது, செய்துகாட்டிய கணக்குகளும் நிறைய.

ஆனால் பீங்கானுக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் கிங்கெரி எழுதிய பீங்கான் பாடநூல்தான். முதல் பதிப்பு 1960. அவரோடு போவனும் உல்மனும் சேர்ந்து எழுதிய 1976 பதிப்பை வாங்குங்கள். சூளையில் தூள் உருகாமலே எப்படி இறுகுகிறது? இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் சின்னக் கழுத்து ஒன்று முளைக்கிறது. அணுக்கள் நகர்ந்து வர அது தடிக்கிறது, இடையிலுள்ள துளைகள் சுருங்குகின்றன. இதைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறார்கள்.

வாசிக்கக் கடினம், சரி. 1986-இல் வந்த பீங்கான் மீகடத்திகளும் (நன்கு குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துபவை) அதில் கிடையாது. அதற்காகத் தள்ளிவிடாதீர்கள், அத்தியாயத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்.