கோல் வலையில் எதை வைப்பது: பழைய டிஎஸ்எல்ஆரா, ஆக்‌ஷன் கேமராவா?

ஐஸ் ஹாக்கிப் படங்களில் என்னை அசத்துவது கோலுக்குள் இருந்து எடுத்த படம்தான். கோல்கீப்பரின் முதுகு, அவர் கால் இடுக்கில் பந்துக்குப் பதில் அடிக்கிற கறுப்பு வட்டு, அது எங்கே என்று தேடிக்கொண்டு நம்மையே பார்க்கிற நாலைந்து முகங்கள். எவ்வளவு பெரிய லென்ஸோடு வெளியே உட்கார்ந்தாலும் இந்தப் படம் கிடைக்காது. கேமரா கோலுக்குள் இருக்க வேண்டும், ஆள் வெளியே இருக்க வேண்டும்.

காரைக்குடியில் ஐஸ் ஏது? செம்மண் மைதானத்து ஹாக்கிதான் உண்டு. 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பி.டி. சார் ஒருவர், "தம்பி, நம்ம பிள்ளைகளையும் கோலுக்குள்ள இருந்து எடுக்க முடியாதா?" என்று கேட்டார். கல்யாண வேலைக்காக ரிமோட் ட்ரிகர் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, வளவு என்கிற முற்றத்துத் தூணுக்கு மேலே ஒரு கேமராவைக் கட்டிவிட்டுக் கீழே இருந்து அமுக்குவேன். சரி, அதையே மைதானத்துக்குக் கொண்டுபோவோம் என்று இறங்கினேன். அதிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து வருகிறேன்: கேனான் 7டி என்ற பழைய டிஎஸ்எல்ஆர், அதில் டோக்கினா 10-17 ஃபிஷ்ஐ லென்ஸ், யோங்னுவோ ஆர்எஃப்-603 ட்ரிகர் ஒரு பக்கம், கோப்ரோ என்ற ஆக்‌ஷன் கேமரா மறுபக்கம்.

முதலில் பந்தின் கணக்கைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடும். ஹாக்கி கோல் தரையில் 1.2 மீட்டர் ஆழம். அதாவது கோட்டைத் தாண்டிப் பின்பலகையில் மோத 0.04 வினாடிதான் ஆகிறது. 7டி வினாடிக்கு 8 படம் எடுக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே 0.125 வினாடி. விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாலும், மூன்று கோலில் ஒன்றில்தான் பந்து வலைக்குள் இருக்கும் படம் கிடைக்கும். கோப்ரோவை வினாடிக்கு 120 ஃபிரேமில் ஓடவிட்டால் அதே பந்து ஐந்து ஃபிரேமில் இருக்கும். பந்துதான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஆக்‌ஷன் கேமராவை வையுங்கள்.

நம் கையையும் இதில் சேர்க்க வேண்டும். கண் பார்த்து விரல் அமுக்க 0.2 வினாடி ஆகும். அதற்குள் அந்தப் பந்து ஐந்தரை மீட்டர் போய்விடும். ஐஸ் ஹாக்கியில் வட்டு 160 கிலோமீட்டருக்கு மேலும் போகும். 2012இல் ஸ்டெனோ சாரா என்ற ஐஸ் ஹாக்கி வீரர் போட்டிக்கு வெளியே நடந்த திறன் பந்தயத்தில் அடித்தது 175. அங்கே 0.2 வினாடிக்குள் வட்டு ஒன்பது, பத்து மீட்டர் பறந்திருக்கும். பந்து கிளம்பின பிறகு அமுக்கினால் கதை முடிந்தது. மட்டை பின்னால் ஏறும்போதே அமுக்க வேண்டும். அதனால்தான் நான் கோலுக்குப் பின்னால் நிற்பதில்லை. பக்கவாட்டில், அடிப்பவரின் தோள் தெரிகிற இடத்தில் நிற்பேன். கோப்ரோவில் இந்தக் கவலை குறைவு. ஹைண்ட்சைட் என்ற வசதியைப் போட்டுவைத்தால், பட்டனை அமுக்குவதற்கு முந்தைய 15 அல்லது 30 வினாடியையும் சேர்த்துச் சேமித்துக் கொடுக்கும். பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் கோலில் நான் அதிகமாக வைப்பது 7டிதான்.

சென்ற மாதம் ஒரு மாலை ஆட்டத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பந்து அதில் இல்லை; ஏற்கெனவே லென்ஸுக்குக் கீழே பலகையில் மோதிவிட்டது. கோல் காத்த பெண் ஒரு முழங்காலில் சரிந்து, முகத்தைப் பாதி திருப்பியிருக்கிறாள். ஹெல்மெட் கம்பிக்கு நடுவே கண் ஒன்று தெரிகிறது; கன்னத்தில் வியர்வை வழிந்த கோட்டில் செம்மண் ஒட்டி ஒரு சிவப்புக் கீற்று. பின்னால் எதிரணிப் பெண்கள் இரண்டு பேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள், இன்னும் கத்தவில்லை. அந்தச் சிவப்புக் கீற்று 18 மெகாபிக்சலில் அப்படியே பதிந்திருக்கிறது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு பி.டி. சாரிடம் கொடுத்தேன். அதே ஆட்டத்தின் முதல் பாதியில் கோப்ரோவில் எடுத்த 4கே வீடியோவில் இருந்து ஒரு ஃபிரேமை உருவி அதே அளவில் போட்டுப் பார்த்தேன். 8 மெகாபிக்சல்தான் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை வெளிச்சம். அந்திப் பொழுதில் சின்ன சென்சார் திணறுகிறது. தோல் மெழுகு பூசினது போல் ஆகிவிடுகிறது, கம்பிக்குப் பின்னால் இருக்கிற கண் காணாமல் போகிறது. வேகமாக வருகிற பந்தும் முட்டை மாதிரி நீள்கிறது.

பகல் மூன்று மணி வெயிலில் இந்த வித்தியாசம் பாதி குறைந்துவிடும், அதையும் சொல்லியாக வேண்டும். நல்ல வெயிலில் ஆக்‌ஷன் கேமராவின் ஷட்டர் தானாகவே வேகமாகிவிடும், ஃபிரேம் கூர்மையாக வரும். ஐஸ் அரங்கில் கூரைக்குக் கீழே அந்த வெளிச்சம் கிடையாது. அங்கே கோலுக்குள் பெரிய சென்சார் கேமராவை வைத்து, கூரையில் தொங்கும் ஃபிளாஷ்களையும் அதே ரேடியோ ட்ரிகரில் அடிக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

அடி தாங்குவது எப்படி? வட்டின் எடை 156 முதல் 170 கிராம், நம் ஹாக்கிப் பந்து 156 முதல் 163. எடையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஐஸ் கோல் சின்னது, 1.83 மீட்டர் அகலம், 1.22 உயரம். அதன் அடிச்சட்டத்தில் நடுவே கேமராவைப் பூட்டுகிறார்கள். யாராவது மோதிக் கோல் நகர்ந்தால் கேமராவும் கூடவே நகரும். நம் கோல் 3.66க்கு 2.14, சுற்றிலும் கீழே 46 சென்டிமீட்டர் பலகை. உள்ளே தரையில் கேமராப் பெட்டியை வைத்தால் கோல்கீப்பர் அதன்மேல் விழலாம். அதை நான் எந்தப் படத்துக்காகவும் செய்ய மாட்டேன். பலகைக்குப் பின்னால், அதன் மேல் விளிம்புக்குச் சற்று மேலே பெட்டியை நிறுத்தி, வலையின் ஒரு கண்ணியை விலக்கி லென்ஸை நுழைப்பேன். நடுவரிடம் ஆட்டத்துக்கு முன்பே காட்டி அனுமதி வாங்கிவிடுவேன். ஆட்டம் தொடங்கிய பிறகு பக்கத்தில் போகவே முடியாது, எனவே வைக்கிறபோதே எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் கோப்ரோ சுகம். கையளவு பொருள், கூட்டோடு கம்பத்தில் மாட்டினால் வேலை முடிந்தது. 7டிக்குப் பெட்டி செய்ய வேண்டியிருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர், "அண்ணே, இதுக்குள்ள என்னத்த வைக்கப் போறீக, சாமியா?" என்று கேட்டுக்கொண்டே தகரத்தில் கச்சிதமாக அடித்துக் கொடுத்தார். முன்பக்கத்துக்கு பாலிகார்பனேட். அக்ரிலிக் வேண்டாம், பந்து பட்டால் விரிசல் விடும். உள்ளே மெத்தைக்கடையில் வெட்டி வாங்கின ஸ்பாஞ்ச்.

முதல் ஆட்டத்தில் முன்பாதி முழுக்க ஒரு படம்கூட விழவில்லை. ஸ்டூடியோவில் மூடியைத் திறந்துவைத்துத்தான் சோதித்திருந்தேன். மூடியைப் போட்டதும் சுற்றிலும் உலோகம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளே போகவில்லை. இடைவேளையில் நடுவரைக் கேட்டுக்கொண்டு ஓடிப் போய், ரிசீவரை மட்டும் வெளியே எடுத்து, பாலிதீன் கவரில் சுற்றி, கம்பத்துக்குப் பின்னால் கட்டினேன். கேபிள் வருவதற்குப் பெட்டியில் ஒரு ஓட்டை. அன்றிலிருந்து அப்படித்தான்.

இன்னொரு வழி ஒயர். ட்ரிகர் செய்வதெல்லாம் கேமராவின் ரிமோட் துளையில் கம்பிகளைச் சேர்த்துவைப்பதுதான். முப்பது மீட்டர் ஒயர் இழுத்து ஒரு காலிங்பெல் சுவிட்ச் போட்டாலும் அதே வேலை நடக்கும். யாருடைய அலைவரிசையும் இடைஞ்சல் செய்யாது. கோட்டுக்கு வெளியே மண்ணில் கீறிப் புதைக்க இடமிருந்தால் ரேடியோவைவிட இதைத்தான் நம்புவேன். செல்போன் ஆப் மூலம் வைஃபையில் இயக்குவதை நம்பவே மாட்டேன். தாமதம் ஒரு பக்கம். கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இணைப்பு அறுந்து அறுந்து வரும். கோப்ரோவை நான் கையாலேயே ஓடவிட்டு விட்டுவிடுவேன்.

வெயிலும் குளிரும் இந்த ஒப்பீட்டைத் தலைகீழாக்கும். சித்திரை வெயிலில், காற்று புகாத கூட்டில் 4கே ஓடுகிற ஆக்‌ஷன் கேமரா சூடேறித் தானே அணைந்துவிடும். எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது. 7டி அமுக்கும்போது மட்டும் உழைப்பதால் ஆட்டம் முழுக்கத் தாங்குகிறது. லடாக்கில் லே பக்கம் போய் உறைந்த ஏரியில் நடக்கும் ஐஸ் ஹாக்கியை எடுக்கப் போகிறீர்கள் என்றால் பகை வேறு. குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், சின்ன பேட்டரி இன்னும் வேகமாக. அப்புறம் கேமராவை அப்படியே சூடான அறைக்குக் கொண்டுவராதீர்கள், உள்ளேயும் வெளியேயும் நீர்த்துளி படியும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

7டி மாதிரி ஒரு பாடியை வைப்பவர்கள் மூன்று காரியம் மறக்கக்கூடாது. ஆட்டோ பவர் ஆஃபை எடுத்துவிடுங்கள், கேமரா தூங்கினால் கோல் விழும்போதுதான் எழும். ஃபோகஸை மேனுவலில் வைத்து டேப் ஒட்டுங்கள். 10 மில்லிமீட்டரில் எஃப் 5.6 வைத்து ஒரு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும், வேறெதுவும் தேவையில்லை. எக்ஸ்போஷரும் மேனுவல்தான். வெள்ளை ஐஸைக் கண்டால் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும். இங்கே வலைக்குள் விழும் நிழலைக் கண்டு ஏமாந்து வெளியே நிற்கும் முகங்களை வெளுப்பாக்கும். முகத்துக்கு அளந்து பூட்டிவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், பிள்ளைகளின் ஆட்டத்தை வீடியோவாகப் பெற்றோருக்கும் கொடுக்க வேண்டும் என்றால் ஆக்‌ஷன் கேமரா போதும். ஸ்டூடியோ மூலையில் ஒரு பழைய பாடி சும்மா கிடக்கிறது என்றால், அதற்கு ஒரு பெட்டி அடியுங்கள். பொங்கலுக்கு நடக்கப்போகும் ஆட்டத்தில் 7டியைப் பலகைக்குப் பின்னாலும், கோப்ரோவை மேல்கம்பியின் மூலையிலும் ஒன்றாக வைக்கப் போகிறேன். பி.டி. சார் நடுவரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.