பிளேட் வைத்த காலோடு ஸ்கைடைவிங்: சித்திரையிலா, மார்கழியிலா?

போன புரட்டாசியில், குறுவை அறுப்பு சமயம், மன்னார்குடி ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கி என் இடது கணுக்கால் உடைந்தது. ஆபரேஷன் செய்து ஒரு பிளேட்டும் ஆறு ஸ்குரூவும் வைத்தார்கள். இப்போது மாசி. ஊன்றுகோலை விட்டாகிவிட்டது, வண்டியும் ஓட்டுகிறேன். இந்த நேரம் பார்த்து துபாயில் வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, சித்திரைக்கு இங்க வாங்க. ஸ்கைடைவிங் புக் பண்ணிடறேன், காசு நான் பாத்துக்கறேன்."

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது காலேஜ் நாளிலிருந்து இருக்கும் ஆசை. உடனே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி, என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பயிற்சி எடுத்துத் தனியாகக் குதிப்பதை முதலிலேயே தள்ளிவிட்டேன். தரை நெருங்கும்போது பாராசூட்டின் இரண்டு பிடிகளையும் சரியான நொடியில் கீழே இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். புதியவர் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மிச்ச வேகம் மொத்தமும் காலில்தான் இறங்கும்.

மைத்துனன் வேறு யோசனை சொன்னான். "அவ்வளவு உயரம் எதுக்கு மச்சான்? இமாச்சல்ல பிர் பில்லிங் போய் பாராகிளைடிங் பண்ணுங்க." உயரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது அவன் கணக்கு. காலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பின்னால் பைலட் இருந்தாலும் கிளம்பும்போது மலைச்சரிவில் நாமும் சேர்ந்து ஓட வேண்டும், இறங்கும்போதும் பல நேரம் நாலு எட்டு வைக்க வேண்டும். கல்லும் புல்லுமான சரிவில் ஓட என் கணுக்கால் இன்னும் தயாராக இல்லை.

மிஞ்சியது டேண்டம், அதாவது பயிற்றுநரோடு ஜோடியாகக் குதிப்பது. நம்மைப் பயிற்றுநரின் மார்போடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். சுமார் 13,000 அடியிலிருந்து குதித்து, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் விழுவோம். அதில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது, முழங்காலை மடக்கிப் பின்னால் வைத்திருந்தால் போதும். பாராசூட் விரியும்போது வரும் இழுப்பையும் தொடையில் போட்ட பட்டைதான் தாங்கும். இறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தூக்கிக்கொள்ளச் சொல்வார்கள், பயிற்றுநர் காலூன்றுவார், அல்லது இருவரும் உட்கார்ந்தபடியே சறுக்கி நிற்போம். இதைப் படித்ததும் டிக்கெட்டே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் அது எல்லாம் சரியாக நடந்தால். கடைசி நொடியில் காற்று திரும்பினாலோ, தூக்கிய கால் தளர்ந்து பாதம் முதலில் தரையில் மாட்டினாலோ, பின்னாலிருந்து வரும் ஆளின் எடையும் சேர்ந்து அந்தக் கணுக்காலில் ஏறும். பிளேட் வைத்த எலும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலமாக அடிபட்டால் பிளேட் முடிகிற இடத்தில் எலும்பு உடையலாம். பிளேட்டை எடுத்துவிட்டுப் போகலாமா என்றும் யோசித்தேன். எடுத்த பிறகு ஸ்குரூ ஓட்டைகள் தூரும்வரை சில மாதம் எலும்பு பலவீனமாகத்தான் இருக்குமாம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "எலும்பு கூடிடுச்சு. கால் இன்னும் கூடல" என்றார். பிசியோதெரபியில் அதற்கு அர்த்தம் புரிந்தது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார்கள். வலது காலில் 25 தடவை. இடது காலில் ஏழாவதிலேயே கெண்டைக்கால் நடுங்கிவிட்டது. டேப் வைத்து அளந்தால் இடது கெண்டைக்கால் 2 சென்டிமீட்டர் மெலிந்திருந்தது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. கீழிருந்து அடிக்கும் காற்றில் மிதக்கிற உள்ளரங்க ஸ்கைடைவிங், துபாயிலும் உண்டு, ஹைதராபாத்திலும் உண்டு. உயரத்திலிருந்து தரையில் வந்து மோதும் கதையே இல்லை, பயிற்றுநரும் கூடவே பிடித்திருப்பார். இருந்தாலும் நீட்டிய காலைக் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும், சுவரில் பாதம் இடிக்கவும் கூடும். டாக்டர் சம்மதித்தால் ஆடி, ஆவணி வாக்கில் இதைச் செய்து பார்க்க எனக்கு ஆசைதான். வானத்துக்கு இது ஈடாகாது, ஆனால் காற்றில் உடம்பை வைத்துக்கொள்ளப் பழகலாம்.

டேண்டத்தை மார்கழிக்குத் தள்ளச் சொல்லிவிட்டேன். தம்பிக்கு வருத்தம். "காலைத் தூக்கி வச்சுக்கிட்டா போதும்னுதானே சொல்றாங்க அண்ணே?" என்றான். தூக்கி வைத்துக்கொள்ள முடிகிற காலோடு மட்டும் போகக் கூடாது, தவறி ஊன்றினாலும் தாங்குகிற காலோடுதான் போக வேண்டும் என்றேன். அப்புறம், எட்டு மாதம் தள்ளினால் துபாயில் வெயிலும் தணிந்திருக்கும். பயணக் காப்பீட்டில் ஸ்கைடைவிங் சேருமா என்று பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

அதுவரை எனக்கு வரப்புதான் பரீட்சை. சம்பா அறுத்த தாளில் உளுந்து பூத்திருக்கிறது, வரப்பு ஒரு சாண் அகலம்கூட இல்லை. இன்று காலை செருப்பைக் கழற்றிவிட்டு மோட்டார் கொட்டகையிலிருந்து மதகு வரை நடந்தேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது இடது பாதம் இரண்டு இடத்தில் வழுக்கி உளுந்துக்குள் இறங்கியது.