வண்ணாரப்பேட்டை டிவி மெக்கானிக் கடையில் என் பிபிசி மைக்ரோ

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் டிவி ரிப்பேர் கடை. போர்டில் பேர் அழிந்துபோய் ரொம்ப நாளாகிறது. 1984ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் கிளாஸ் திட்டத்தில் நம்மூர் பள்ளிகளுக்கு வந்ததே பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர், அதில் ஒன்றைச் சித்தப்பா ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார், இப்போது என்னிடம். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஐந்தேகால் அங்குல பிளாப்பியைப் போட்டால் நாலு தடவைக்கு மூணு தடவை 'டிஸ்க் ஃபால்ட் 18', அதாவது டிஸ்கில் தேடிய செக்டர் (தகவல் இருக்கும் துண்டு) கிடைக்கவில்லையாம். முதலில் போன வேறொரு கடையில் டிரைவைத் திறக்காமலே, பிளாப்பியைப் படிக்கிற ஹெட் போச்சு, தூக்கிப் போடுங்க என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த அண்ணன் டிரைவைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது, "மானிட்டர் எங்க தம்பி?" வீட்டில் என்றேன். அதையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பதினாலு அங்குல டியூப் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனது தனிக் கதை.

"ரெண்டையும் இப்படி ஒட்டித்தான் வெச்சிருந்தியா?" ஆமாம், என் மேசை அவ்வளவுதான். பிளாப்பியின் ஓர வெட்டில் டேப் ஒட்டி (அதன்மேல் எதுவும் எழுதிவிடக் கூடாதே), திரும்பத் திரும்ப ஒரே ஃபைலைப் படித்து, சரியாக வந்தால் பீப் அடிக்கிற மாதிரி பேசிக் மொழியில் நாலு வரி புரோகிராம் என்னையே எழுதச் சொன்னார். அப்புறம் மானிட்டரை அணைத்தார். பீப், பீப், பீப். போட்டார், கப்சிப். மறுபடி அணைத்தால் பீப். டிரைவை ஒரு முழம் தள்ளி வைத்தார், மானிட்டர் ஓடும்போதே பீப் நிற்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏழு மாசம் ஹெட்டைத் துடைத்துத் துடைத்தே தேய்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான்: மானிட்டருக்குள் படம் வரையும் எலக்ட்ரான் கற்றையைக் கிடையாக இழுக்கும் கம்பிச்சுருளும், டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மரும் நொடிக்கு 15,625 தடவை துடிக்கின்றன, அந்தக் காந்த இரைச்சல் பக்கத்தில் இருக்கிற டிரைவுக்குள்ளும் போகிறது. ஹெட் எடுத்துத் தரும் சிக்னலோ சில மில்லிவோல்ட்தான், தாங்காது. மேசை சின்னது என்று சொன்னதால் ஒரு பிஸ்கட் தகர டப்பாவை வெட்டி விரித்து, எர்த் ஒயர் கோத்து நடுவில் நிறுத்திக் காட்டினார், ஓரளவு குறைந்தது, ஆனால் தள்ளி வைப்பதுதான் சரி என்று அவரே சொல்லிவிட்டார். படம் அலை அலையாக ஆடியதையும் சொன்னேன், பவர் சப்ளையைத் திறந்து வெடிப்பு விட்டிருந்த ஃபில்டர் கண்டென்சரை மாற்றினார். படம் இன்னும் லேசாக ஆடுகிறது, சரி, கண்டென்சர் புகைவதற்கு முன்னால் கண்ணில் பட்டதே லாபம்.

மொத்தம் 300 ரூபாய். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டர் மூடியிருக்கும், டிரைவ் பெல்ட் ஸ்டாக் கிடையாது, ரசீதும் கிடையாது. டிரைவ் மூடி ஒரு ஸ்க்ரூ குறைவாக வந்திருக்கிறது, போன் பண்ணினால், "கல்லாவுல பத்திரமா கீது, வரும்போது வாங்கிக்கோ" என்கிறார்.