சுகர் ஃப்ரீ சாக்லேட் பாக்ஸ்: அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

தீபாவளிக்குச் சாக்லேட் பாக்ஸ் வாங்கக் கிளம்பும் மும்பைத் தமிழர்கள், குறிப்பாக வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் "இம்போர்ட்டட், சுகர் ஃப்ரீ, சுகர் பேஷன்ட் தாராளமா சாப்பிடலாம்" என்று சொல்லி 400 கிராம் பெட்டி ஒன்றை 1,150 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். பிரித்தால் எல்லாத் துண்டும் வெளுத்துப் பூத்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், பிரித்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். கையில் இருந்ததோ கச்சா பில், அதாவது ஜி.எஸ்.டி இல்லாத வெறும் துண்டுச் சீட்டு.

பெட்டியின் அடியில், தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். ஹேர் டிரையர் சூட்டில் மெல்ல உரித்தபோது கீழே அச்சான உண்மையான தேதி தெரிந்தது: காலாவதியாகி ஐந்து மாதம். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், எம்.ஆர்.பி ஆகியவை ஸ்டிக்கரில் வருவது வழக்கம்தான். தேதி மட்டும் ஸ்டிக்கரில் இருந்து, அதன் அடியில் இன்னொரு அச்சு தெரிந்தால் பெட்டியைக் கீழே வையுங்கள்.

வெள்ளைப் பூச்சு பூஞ்சை அல்ல. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஏசி இல்லாத குடோனில் இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படியும். விரலால் தேய்த்தால் மறையும். சொரசொரப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் அது ஈரம் பட்டுப் பூத்த சர்க்கரை. எதுவானாலும் சரக்கைச் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி 'சுகர் ஃப்ரீ'. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லையென்றால் அப்படிப் போடலாம். கார்போஹைட்ரேட் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. இந்தப் பெட்டியில் இருந்தது மால்டிடால் என்ற மாற்று இனிப்பு, பொருட்பட்டியலில் அதன் எண் 965. கிராமுக்குச் சர்க்கரை 4 கலோரி, மால்டிடால் 2.4. 100 கிராம் சாக்லேட்டில் 45 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு இதைப் போட்டால் மிச்சமாவது 72 கலோரிதான். கொழுப்பு அப்படியே இருக்கிறது. மால்டிடாலின் கிளைசெமிக் இண்டெக்ஸ் (ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்ற அளவு) சுமார் 35, சர்க்கரைக்கு 65. ஆக, ரத்தச் சர்க்கரை குறைவாக ஏறும், ஏறாமல் இருக்காது. 'தாராளமா சாப்பிடலாம்' என்பது ஆபத்தான பொய். அதோடு நாலைந்து துண்டு சேர்ந்தாற்போல் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியாகும். பாலியால் (மால்டிடால் வகை மாற்று இனிப்புகள்) சேர்த்த பாக்கெட்டில் இந்த எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். இதில் அதுவும் இல்லை.

இதே வகையில் எரித்ரிடால் (968) ரத்தச் சர்க்கரையை அநேகமாக ஏற்றாது, நாக்கில் ஜில்லென்று இருக்கும். கடித்துச் சப்பும் மிட்டாய் வேண்டுமென்றால் ஐசோமால்ட் (953) சேர்த்தது மால்டிடாலை விட மேல். மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சில் இருந்து எடுக்கும் மாவு) என்று கண்டால் வேண்டவே வேண்டாம். சர்க்கரைக் கணக்கில் பெரிதாகத் தெரியாமல் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏற்றும். 'நோ ஆடெட் சுகர்' என்பது வேறு: பாலின் லாக்டோஸ் உள்ளே இருக்கலாம்.

சாதாரண பாக்ஸ்களில் பெட்டியின் அளவைப் பார்த்து மயங்காமல் கிராம் விலையைப் போடுங்கள். ஃபெரேரோ ரோஷே 16 உருண்டை 200 கிராம். கேட்பரி செலிப்ரேஷன்ஸில் பல வகை கலந்திருக்கும், நிகர எடையைப் பாருங்கள். லிண்ட் கம்பெனியின் லிண்டார் உருண்டையின் உள்ளே தாவரக் கொழுப்பு இருப்பதால் சீக்கிரம் இளகும். அக்டோபர் வெயிலில் ஏசி இல்லாத கடையில் அதை வாங்காதீர்கள். 'காம்பவுண்ட்' (கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது), 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்' என்றிருக்கும் லூஸ் சாக்லேட்டுக்குத் தங்கத் தாள் சுற்றி இம்போர்ட்டட் விலை கேட்பவர்களும் உண்டு. மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டுவதே அதன் அடையாளம்.

கடையிலேயே ஜி.எஸ்.டி பில் கேளுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் தட்டினால் அது யாருடையது என்று தெரியும். ஏமாந்திருந்தால் ஸ்டிக்கரோடு ஒரு படம், உரித்த பிறகு ஒரு படம், பில் ஒரு படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்கள். பெட்டியையும் மிச்சத் துண்டுகளையும் புகார் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.