கம்பெனி பிக்கப்பா, மாதம் 1,100 வெள்ளியா: இரண்டையும் ஓட்டிப் பார்த்தவள் கணக்கு

மலேசியாவில் பகாவ் டவுனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனை மரத்தின் பதினேழாவது மட்டையைத் தேடுவதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள், சம்பளம் வருவதே அதனால்தான். மரத்துக்கு எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று தோட்டங்களுக்குச் சொல்லும் கம்பெனிக்கு நான் இலையும் மண்ணும் எடுத்துக் கொடுக்கிறேன். உச்சியில் முழுதாக விரிந்திருப்பது முதல் மட்டை. அதே சுருளில் கீழே வந்தால் ஒன்பது, இன்னும் இறங்கினால் பதினேழு. அந்த மட்டையின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் சில ஓலைகளை வெட்டி, ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பையில் கட்ட வேண்டும். பத்து வரிசைக்கு ஒரு வரிசை, அதில் பத்து மரத்துக்கு ஒரு மரம். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்தாக வேண்டும் என்பதால் விடிகாலையிலேயே தோட்டத்துக்குள் இருப்பேன். ஆகவே எனக்கு வண்டி என்பது ஆபீஸ் வாசலில் நிழலில் நிற்கிற சமாச்சாரம் இல்லை.

கம்பெனியில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, அவர்கள் கொடுக்கும் ஒற்றை கேபின் டீசல் பிக்கப். இன்னொன்று, சொந்த வண்டி ஓட்டினால் மாதம் 1,100 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ், பெட்ரோலும் அதற்குள் அடக்கம். 2019 ஆகஸ்டிலிருந்து 2023 ஜனவரி வரை பிக்கப் ஓட்டினேன். பிறகு அலவன்ஸுக்கு மாறி ஒரு பெரோடுவா பெஸ்ஸா 1.3 கார் எடுத்தேன். இப்போது அது 77,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் "அக்கா, எதை எடுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் பிக்கப். முதல் வருஷம் ராஜபோகம். நாலு சக்கரமும் இழுக்கும், செம்மண் ரோட்டில் மழை விழுந்தாலும் கவலை இல்லை. அரிவாள் கட்டிய நீளக் கம்பு, மண் தோண்டும் ஆகர், இலைப் பைகள் எல்லாவற்றையும் பின்னால் போட்டு வலை கட்டிவிட்டால் முடிந்தது. டீசல் கார்டு கொடுத்துவிட்டார்கள், சாலை வரி எப்போது முடிகிறது என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை. டயர் தேய்ந்தால் ஒரு விண்ணப்பப் பாரம் எழுதினால் போதும்.

பாரம் எழுதியபின் என்ன ஆகும் என்பதுதான் இரண்டாவது வருஷம் தெரிந்தது. ஏர்கோன் போய்விட்டது. பகாவ் டவுனில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் அரை நாளில் முடித்துத் தருவார். ஆனால் கம்பெனி கைகாட்டும் பட்டறை சிரம்பானில். கோலப்பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் ஏறி இறங்கி, வண்டியை விட்டுவிட்டு, யாரையாவது கெஞ்சித் திரும்பி வர வேண்டும். சாமான் வரவில்லை என்று மூன்று வாரம் ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டினேன். உர மூட்டை வாசனை, ஈர மண் வாசனை, என் வியர்வை, எல்லாம் சேர்ந்து அந்த சீட்டில் ஊறிவிட்டன. இப்போது அந்த வண்டியை ஓட்டும் தம்பி இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு எடுத்துப் போகலாம், சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. என் பழைய மைவி காரை வைத்து என்ன செய்வது என்று பிக்கப் வந்த கையோடு விற்றுவிட்டேன். அது பெரிய முட்டாள்தனம். வீட்டில் அம்மா மட்டும்தான், எழுபதைத் தாண்டியவர், முட்டி வலி. பிக்கப் சீட்டு அவருக்கு எட்டாது. பின்னால் ஒரு மரப்பலகை எப்போதும் கிடக்கும். அதை இறக்கிப் போட்டு, அவர் என் தோளைப் பிடித்து ஒரு கால் வைத்து, "முருகா" என்று சொல்லி மறு காலைத் தூக்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பலகையைப் போட்டு ஏற்றி, நேரே கோலப்பிலா ஆஸ்பத்திரி. விடிகாலை மூன்றுக்கு வீடு திரும்பினோம்.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறதல்லவா! ஞாயிறு இரவு 9.40, வேலை நேரத்துக்கு வெளியே பயணம், காரணம் தெரிவிக்கவும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதினேன். யாரும் திட்டவில்லை. சரி என்று ஒற்றை வார்த்தையில் பதில். அடுத்த மாதம் எல்லோருக்கும் பொதுவாக, வண்டி விதிமுறைகளை நினைவூட்டி ஒரு சுற்றறிக்கை. பெயர் போடவில்லை, ஆனாலும் ஆபீசில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே அலவன்ஸ் பாரத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

இனி காசுக் கணக்கு. பெஸ்ஸா விலை 44,000 வெள்ளியை ஒட்டி வந்தது. பத்து விழுக்காடு முன்பணம், மிச்சம் 39,600-க்கு ஒன்பது வருஷக் கடன், வட்டி 3 விழுக்காடு. நான் எடுத்த கடனில் வட்டி முதல் தொகைக்கே ஒன்பது வருஷமும் ஓடும், கட்டக் கட்டக் குறையாது. வட்டி மட்டும் 10,692. மாதத் தவணை 466. மாதம் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் ஓடுகிறேன், லிட்டருக்குப் பதினேழு கொடுக்கிறது. பெட்ரோல் 2 வெள்ளி 5 காசாக இருந்த காலத்தில் அது 265 வெள்ளி. இன்சூரன்சும் சாலை வரியும் முதல் வருஷம் 1,560, மாதத்துக்கு 130. அதில் சாலை வரி வெறும் 70 வெள்ளிதான், 1,400 சிசிக்குள் இருப்பதால். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், என் ஓட்டத்துக்கு நாலரை மாதத்தில் வந்துவிடும், மாதம் 45 போடுங்கள். டயருக்கு 40. ஆக 946.

மீதி 154 என்று துள்ள வேண்டாம், வரி இருக்கிறது. ஆபீஸ் வேலைக்காகத் தரும் பயண அலவன்ஸில் வருஷத்துக்கு 6,000 வெள்ளி வரை வருமான வரி கிடையாது. என்னுடையது 13,200. மிச்சம் 7,200 சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நான் இருக்கும் 11 விழுக்காட்டுப் படியில் அது 792 வெள்ளி, மாதம் 66. அப்படியானால் கையில் நிற்பது 88 வெள்ளி. ஆறாயிரத்துக்கு மேல் செலவானவர்கள் கணக்கு காட்டினால் அதையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரசீதும் பயணக் குறிப்பும் ஏழு வருஷத்துக்குப் பத்திரமாக இருக்க வேண்டும். நான் கார் டேஷ்போர்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, தோட்டம், மீட்டர் எண். வெள்ளெழுத்து வந்தபிறகு அதை எழுதுவதே ஒரு வேலை.

கம்பெனி கார் கொடுத்து சொந்தத்துக்கும் ஓட்டலாம் என்று விடுகிறவர்கள் நிலைமை வேறு. எங்கள் சிரம்பான் மேலாளருக்கு அப்படி ஒரு செடான். 75,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை விலையுள்ள காருக்கு வரி வாரியத்தின் அட்டவணையில் வருஷத்துக்கு 3,600 வெள்ளி, பெட்ரோலும் இலவசம் என்றால் இன்னொரு 1,200. இந்த 4,800-ஐ வருமானத்தில் சேர்த்து வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கார் ஐந்து வருஷம் தாண்டினால் அந்த 3,600 பாதியாகிவிடும். அதே விலைக் காரைச் சொந்தமாக எடுத்தால் தவணையே மாதம் ஆயிரத்தை நெருங்கும். அப்படி ஒரு வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் இந்த விமர்சனத்தை மூடிவிட்டுப் போய்க் கையெழுத்து போடுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

அலவன்ஸ் சம்பள உயர்வு இல்லை என்பதையும் புதுப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. பயண அலவன்ஸுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது. "ஆயிரத்து நூறு கூட வருதுக்கா" என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாள். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவள் சேமநிதியில் ஏறாது.

பெஸ்ஸா எப்படி? டவுனுக்கும் தார் ரோட்டுக்கும் நல்ல வண்டி. பின்பெட்டி 508 லிட்டர், இலைப் பைகள், ஆகர், ரப்பர் பூட்ஸ், அம்மாவின் மடக்கு நாற்காலி எல்லாம் போகும். அம்மா பலகை இல்லாமல் தானே ஏறி உட்காருகிறார். என்னைப் பொறுத்தவரை பாதி மார்க் அதற்கே போய்விட்டது. நீளக் கம்பு மட்டும் உள்ளே போகாது, அதைத் தோட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அது தாழ உட்கார்ந்த வண்டி. செம்மண் ரோட்டில் லோரித் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும். அதில் அடி உரசும் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். பாலோங் பக்கம் ஒரு தோட்டத்தில், நவம்பர் மழையில், அங்கே வேலையாட்களை மேய்க்கும் தண்டல் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, காடிய இங்கயே போடு. உள்ள போனா நான்தான் டிராக்டர கூப்பிடணும்."

கேட்டேனா? பெரிய இவளாட்டம் ஓட்டிப் போனேன். முந்நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. டிராக்டர் ஓட்டி வந்த இந்தோனேசியப் பையன் கயிறு கட்டும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டான், தண்டல் அடக்கவில்லை. முன் பம்பர் கிளிப்புகள் உடைந்து 180 வெள்ளி, என் பையிலிருந்து. கம்பெனி வேலையில்தான் மாட்டினேன், ஆனால் கார் என் பெயரில். இரண்டு மாத மிச்சம் அந்த ஒரு சேற்றில் போனது. அதன்பிறகு மழை என்றால் காரை மேட்டில் விட்டுவிட்டு நடக்கிறேன். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர், பூட்ஸ் கனக்க. பிக்கப் காலத்தில் ஒரு காலையில் இரண்டு பிளாக் முடிப்பேன். மழை மாதத்தில் இப்போது ஒன்றுதான்.

இதைவிடக் கசந்த ஒன்று உண்டு. போன வருஷம் கால்வாய்ப் பாலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் லீவு. சம்பளம் வந்தது, அலவன்ஸ் வரவில்லை. வேலைக்குப் பயணம் செய்யாதபோது பயணப் பணம் எதற்கு என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, பொடி எழுத்தில், நான்தான் படிக்கவில்லை. வங்கிக்கு அது தெரியுமா? 466 இரண்டு முறை பிடித்துக்கொண்டார்கள். பிக்கப்காரனாக இருந்திருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கட்டுப்போட்டுப் படுத்திருப்பேன். கையெழுத்து போடுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நான் படுத்துவிட்டால் அலவன்ஸ் வருமா?

பிக்கப் பக்கமும் காலம் மாறிவிட்டது. 2024 ஜூன் 10-ம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15-லிருந்து 3.35-க்கு ஏறியதும் கம்பெனி கார்டுக்கு மாத வரம்பு போட்டுவிட்டது. என் பழைய வண்டியை ஓட்டும் தம்பி மாதக் கடைசியில் ரொம்பின் பக்கத்துத் தோட்டங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறான். எனக்கோ 2025 செப்டம்பர் 30-லிருந்து மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, காட்டினால் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99. தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரை அந்த விலை, நான் போடுவது 130. மாதம் எட்டு வெள்ளி மிச்சம், ஒரு ரோட்டி சானாயும் தே தாரிக்கும் இரண்டு நாளைக்கு.

இன்சூரன்ஸ் கட்டணத் தள்ளுபடிக் கழிவும் என் பெயரில் ஏறுகிறது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் முதல் வருஷ முடிவில் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55. பிக்கப்பை மூன்றரை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய கழிவெல்லாம் கம்பெனிக்குப் போனது. பம்பருக்கு 180-ஐக் கைக்காசாகக் கட்டியதும் இதற்காகத்தான்.

பிக்கப்புக்கு ஐந்தில் மூன்று, அலவன்ஸுக்கு மூன்றரை. அந்த அரை அம்மாவுக்காக. வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, மேட்டுத் தோட்டங்களைப் பார்க்கிற பிள்ளைகள் பிக்கப்பையே எடுக்கட்டும், சொந்தக் காரை விற்காமல். மாதம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு 1,100 கட்டாது. என்னைப் போல இரண்டாயிரத்துச் சொச்சம், பெரும்பாலும் தார் ரோடு, வீட்டில் வயதானவர் என்றால் அலவன்ஸ்.

நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு பிக்கப்பை இரவல் தாருங்கள், அந்த மாத அலவன்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம். பழைய மரப்பலகையைத் தம்பியிடமிருந்து திரும்ப வாங்கி வந்துவிட்டேன். இப்போது அது பெஸ்ஸாவின் பின்பெட்டியில் கிடக்கிறது, சேற்றில் சக்கரம் மாட்டினால் அடியில் செருக.