மூத்த தாரத்து மகளுக்கே வீடு: உயிலா, விடுதலைப் பத்திரமா, செட்டில்மென்ட்டா?

கணவர் காலமான பிறகு, "வீடு மூத்தவளுக்கே இருக்கட்டும், அவள் அம்மா நகையை விற்று வாங்கிய மனை இது" என்று சொல்லும் இளைய தாரங்கள் நம் ஊர்களில் உண்டு. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று கதை கட்டிய சமூகத்தில் இப்படி ஒரு பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பது பெரிய காரியம். அந்தப் பெருந்தன்மை தவறான பத்திரத்தில் ஏறி வீணாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடு அவருடைய சுயசம்பாத்தியம். இளைய தாரமான மனைவி (மகளுக்குச் சித்தி), மூத்த தாரத்து மகள், இளைய தாரத்து மகன் ஆகிய மூவரும் வாரிசுகள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு, பங்கு நான்காகிவிடும். பாட்டியின் கையெழுத்தை வாங்க மறந்துவிட்டு, பின்னால் அத்தைகளும் பெரியப்பாக்களும் வழக்குக்கு வந்த பிறகு விழிப்பவர்கள் ஏராளம்.

எதையும் எழுதாமல், "அவள் இருந்துவிட்டுப் போகட்டும், யார் கேட்கப் போகிறோம்" என்று விட்டுவிடுவது பலரும் செய்வது. இதைவிட ஆபத்தான வழி இல்லை. சித்தி இறந்தால் அவர் பங்கு யாருக்குப் போகும்? பெண்ணின் சொத்துக்கு மகன், மகள், கணவர் என்பவர்கள்தான் முதல் வாரிசு. மாற்றாந்தாய்ப் பிள்ளை அந்த 'மகன், மகள்' என்பதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. ஆக, சித்தியின் பங்கும் தம்பிக்கே சேரும். அவனிடம் மூன்றில் இரண்டு, அக்காவிடம் மூன்றில் ஒன்று. யாருக்காக வீட்டை விட்டுக்கொடுக்க நினைத்தாரோ, அவளே சிறுபான்மைப் பங்குதாரராகிவிடுவாள். சித்திக்குச் சொந்தப் பிள்ளையே இல்லையென்றால் மட்டும், கணவர் வழியில் வந்த பங்கு கணவரின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று சட்டம் வைத்திருக்கிறது. அங்கே மகள் பிழைத்துக்கொள்வாள்.

அடுத்தது உயில். இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். செலவு இல்லை என்பதால் முதலில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நான் இதைக் கடைசியில் வைப்பேன். எழுதியவர் சாகும்வரை உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இன்று உறுதியாக இருக்கும் சித்தி, எழுபது வயதில் மகன் வீட்டில் அவன் கைச்சோற்றை நம்பி இருக்கும்போது, வேறொரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் எப்படி மறுப்பார்? பழைய உயிலை நம்பி வீட்டுக்குத் தளம் போட்ட மகள் அதற்குப் பிறகுதான் புதிய உயிலைப் பற்றிக் கேள்விப்படுவாள்.

மிச்சம் இருக்கும் இரண்டில்தான் உண்மையான போட்டி.

விடுதலைப் பத்திரம் என்பது கூட்டுப் பங்குதாரர் ஒருவர் தன் பாத்தியத்தை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுவிடுவது. பதிவு செய்தால் அன்றோடு முடிந்தது. திரும்ப வாங்க முடியாது, வருத்தப்பட்டாலும் பயனில்லை. தம்பிக்கு வேறு ஊரில் வேலை, சொந்த வீடு இருக்கிறது, அக்காவுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று மனமாரச் சொல்கிறான் என்றால் அவனுக்கு இதுவே சரி. யாருக்காக விடுதலை செய்கிறோம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். "மற்ற பங்குதாரர்களுக்கு" என்று பொதுவாக எழுதினால் அவன் விட்ட பங்கில் பாதி சித்தியிடம் போய் நிற்கும்.

சித்திக்கு இதே பத்திரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே வீட்டில் சமைத்து, அதே திண்ணையில் உட்கார்ந்து வயதானவர் அவர். விடுதலை எழுதிய மறுநாள் சட்டத்தின் கண்ணில் அவர் அந்த வீட்டில் விருந்தாளி. மகள் தங்கமானவளாக இருக்கலாம். நாளை அவளுக்குக் கடன் வரலாம், வீடு அடமானத்துக்குப் போகலாம், அவளுக்கே ஆயுள் குறைவாக இருக்கலாம்.

அதனால் சித்திக்கு ஏற்றது செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். உரிமையை இன்றே மகளுக்கு மாற்றிவிட்டு, ஆயுட்காலம் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம். மகள் வீட்டை விற்றாலும் அந்த உரிமைக்கு உட்பட்டுத்தான் விற்க முடியும். ஆனால் வாசகத்தில் கவனம் வேண்டும். "என் காலத்துக்குப் பின் நீ சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைந்துகொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதினால், தலைப்பில் செட்டில்மென்ட் என்று போட்டிருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே பார்க்கக்கூடும். உயில் என்றால் ரத்து செய்யலாம். "என் பங்கை இன்றே உனக்குப் பாத்தியப்படுத்திவிட்டேன், நீயும் ஏற்றுக்கொண்டாய், என் ஆயுள்வரை இதில் வசிக்கும் உரிமை எனக்கு உண்டு" என்ற பொருள் வர வேண்டும். பத்திர எழுத்தர் பழைய படிவத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே போவார். இந்த ஒரு பத்தியை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 'பெற்றோர்' என்பதில் மாற்றாந்தாயையும் மாற்றாந்தந்தையையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர், தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதுதான் பலம். மகள்மீது நம்பிக்கை இல்லையா என்று யாராவது கேட்டால் பொருட்படுத்த வேண்டாம்.

செலவுக் கணக்கில்தான் மனம் கசக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மென்ட், விடுதலை இரண்டுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் வந்த உயர்வு இது. சித்தியின் பங்கு வழிகாட்டி மதிப்பில் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) 15 லட்சம் என்றால் தீர்வை 15,000, கட்டணம் 10,000, ஆக 25,000 ரூபாயில் முடியும். குடும்பத்துக்கு வெளியே என்றால் தீர்வை மட்டுமே 7 சதவீதம், அதாவது 1,05,000 ரூபாய். இந்தச் சலுகைக்கான உறவுப் பட்டியலில் மாற்றாந்தாய் பற்றிப் பேச்சில்லை. எனவே சார்பதிவாளர் சலுகையை மறுக்க இடமிருக்கிறது. ஒரு சட்டம் சித்தியைத் தாய் என்கிறது, இன்னொன்று வாயே திறக்கவில்லை. பராமரிப்பைக் கேட்கும்போது தாயாக இருப்பவர், கொடுக்க வரும்போது அந்நியராகிவிடுவது எந்த நியாயத்திலும் சேராது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து அரசு இதைத் திருத்தலாம். அதுவரை, முத்திரைத்தாள் வாங்குவதற்கு முன்பே வாரிசுச் சான்றிதழையும் பத்திர வரைவையும் எடுத்துப்போய் சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள். தம்பிக்கு இந்தச் சிக்கல் குறைவு. உடன்பிறப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள், தகப்பன் ஒருவரே என்று வாரிசுச் சான்றிதழ் காட்டிவிடும்.

தம்பி பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இந்த ஒப்பீடெல்லாம் அவன் பங்குக்குப் பொருந்தாது. மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டாலும், மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அவன் வந்து ரத்து கேட்கலாம். அவன் வளரும்வரை பொறுத்து, அவன் வாயாலேயே கேட்பதுதான் முறை. அவனுக்கும் அது அப்பா வீடு. நிலமோ வங்கி வைப்போ வேறு இருந்தால், அதை அவனுக்கும் வீட்டை அக்காவுக்கும் என்று பாகப்பிரிவினை எழுதுவது யாரையும் தியாகி ஆக்காத வழி. மேஜரான பின் அவன் பணம்தான் வேண்டும் என்றாலும் குற்றமில்லை. அவன் பங்கை விற்க முன்வந்தால் உடன்வாரிசு என்ற முறையில் வாங்குவதற்கு அக்காவுக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு.

அப்பா உயிரோடு இருக்கும்போதே "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்குவதில் பெரும்பாலும் பயனில்லை. எதிர்காலத்தில் வாரிசாகப் போகும் வாய்ப்பைக் கைமாற்ற முடியாது என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம். அப்படி எழுதிக் கொடுக்கும்போது பணம் வாங்கியிருந்தால் மட்டும் பின்னால் பேச்சு மாற முடியாது.

பதிவு முடிந்ததும் பட்டாவை மாற்றுவதோடு மகளும் ஓர் உயில் எழுத வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. அவள் உயில் இல்லாமல், பிள்ளையும் இல்லாமல் இறந்தால், அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த மூன்றில் ஒரு பங்கு அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். சித்தியும் தம்பியும் எழுதிக் கொடுத்த மூன்றில் இரண்டு பங்கு அவள் கணவருக்கும், அவரும் இல்லையென்றால் அவர் வழி வாரிசுகளுக்கும் போய்விடும்.